"தண்ணி போயிருக்கு" என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

(தோட்டக் குடும்பங்களுக்கான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், புள்ளைக் காம்பரா மண்டபத்தில், நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தருகிறோம்.)



இந்த மாதம் எதைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டபோது மேல் டிவிசன் அக்காமார் நாலைந்து பேர் ஒரே குரலாக, "போன் வாறண்டியப் பத்திப் பேசுங்க" என்றார்கள். காரணம் எனக்குத் தெரியும். அந்த லயத்தில் ஒரு அக்காவுக்கு நடந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறார். "பேர மட்டும் சொல்லாதீங்க, மத்ததெல்லாம் சொல்லுங்க" என்று அனுமதி தந்திருக்கிறார். கடையின் பெயரையும் கம்பனியின் பெயரையும் நானும் சொல்லப்போவதில்லை.

அந்த அக்கா, மகளின் உயர்தரப் படிப்புக்காக டவுனில் ஒரு போன் வாங்கினார். விலை 40,500 ரூபா. 2024 செப்டெம்பரில் நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது அல்லவா? அந்தக் கணக்கில் பார்த்தால் அந்தப் போன் சரியாக முப்பது பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் முப்பது நாள் மலையில் நின்று கொழுந்து எடுத்தால்தான் அந்தப் போன். ஒரு மாதத்தில் முப்பது பேர் யாருக்கு விழுகிறது? சீட்டுப் பிடித்துத்தான் வாங்கினார்.

ரெண்டு மாதமும் ஒரு கிழமையும் நல்லா வேலை செஞ்சிச்சி. அதுக்குப் பிறகு சார்ஜ் போட்டால் அடுப்புக்கல் மாதிரிச் சுடும், தானாக நின்றுவிடும். ஒரு வருட வாறண்டி இருக்கிறதே என்று கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் திருத்தும் நிலையத்துக்கு அனுப்பினார். ஒன்பது நாள் கழித்து வந்த பதில்: "வத்துர கிஹில்லா." அதாவது தண்ணீர் போயிருக்கிறது, வாறண்டி செல்லாது. போர்ட் மாற்ற 18,500 ரூபா கட்டினால் செய்து தருவார்கள், இல்லாவிட்டால் அப்படியே எடுத்துப் போகலாம்.

அக்கா என்ன சொன்னாலும் அந்த இடத்தில் எடுபடவில்லை. "தம்பி, இது வீட்ட விட்டு வெளியவே போகாத போன். புள்ள மேசையிலதான் இருக்கும்" என்றிருக்கிறார். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் போனின் சிம் போடும் துளையைக் காட்டி, "இந்தா பாருங்க அக்கா, செவப்பாயிருச்சி" என்றான். அவனைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவனுக்குக் கொடுத்த தாளில், சிவந்தால் வாறண்டி இல்லை என்று எழுதியிருக்கும். அவனும் சம்பளத்துக்கு நிற்கிறவன்தான்.

அந்தச் சிவப்பு என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல போன்களில், சிம் தட்டு செருகும் இடத்திலோ உள்ளே பலகைக்குப் பக்கத்திலோ, குண்டூசித் தலை அளவு வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்று வைத்திருப்பார்கள். ஈரம் பட்டால் அதன் நிறம் சிவப்பாகவோ ரோஸாகவோ மாறும். அவ்வளவுதான் அதன் வேலை. ஈரம் எப்போது பட்டது, எவ்வளவு பட்டது, அந்த ஈரத்தால்தான் போன் கெட்டதா என்பதெல்லாம் அந்தப் பொட்டுக்குத் தெரியாது. வாளித் தண்ணீரில் விழுந்த போனிலும் சிவக்கும். வேறு வழியாக ஈரம் பட்டிருந்தாலும் சிவக்கலாம் என்று ஒரு வழக்கே நடந்திருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில், இந்தப் பொட்டைக் காட்டி வாறண்டி மறுக்கப்பட்ட ஐபோன் பாவனையாளர்கள் அப்பிள் கம்பனி மீது வழக்குப் போட்டார்கள். தண்ணீரில் விழாமலே, காற்றிலுள்ள ஈரப்பதத்தாலும் அந்த ஒட்டுத்தாள் நிறம் மாறக்கூடும் என்பதுதான் அவர்களுடைய வாதம். 2013இல் கம்பனி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், 53 மில்லியன் டொலர் தர இணங்கி வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொண்டது. நமது மலையில் மார்கழி தை மாதத்தில் உடுப்பே மூன்று நாளைக்குக் காய்வதில்லை. லயத்துச் சுவரில் கையை வைத்தால் ஈரம். அப்படியான இடத்தில் இருக்கிற நாம், ஒரு பொட்டு சிவந்தது என்பதற்காக முப்பது பேரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே அந்த மேசையில் நின்று கேட்க வேண்டிய கேள்வி, "தண்ணி போச்சா, போகலையா?" என்பதல்ல. அதைக் கேட்டால் அவர்கள் சொல்வதுதான் பதில். கேட்க வேண்டியது இது: "எந்த இடத்துல தண்ணி போயிருக்கு? அதனாலதான் இந்தப் பழுது வந்திச்சின்னு எப்படித் தெரியும்? என் கண்ணு முன்னால திறந்து காட்டுங்க." தண்ணீர் உண்மையாகவே போயிருந்தால் பலகையில் பச்சை பூத்திருக்கும், வெள்ளைப் பொடி படிந்திருக்கும், கருகியிருக்கும். அதைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு, "ஏன் திருத்த மாட்டீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். நான் இன்றைக்குச் சொல்வதில் இதைத்தான் முக்கியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாயால் மறுப்பது சுலபம். எழுதச் சொன்னால் பலருக்கு யோசனை வரும். எழுதித் தராவிட்டால் அன்றைய திகதி, நேரம், யார் சொன்னது, என்ன சொன்னது என்பதை நீங்களே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கூடப் போனவரும் கையெழுத்துப் போடட்டும். தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வது அதற்காகத்தான்.

சரி, அவர்கள் அசையவில்லை. அடுத்தது எங்கே போவது? இங்கே பலருக்கும் பொலிசுதான் ஞாபகம் வருகிறது. பொலிசு தேவையில்லை. இதற்கென்றே பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. நுகர்வோர் அதிகார சபை என்றும் பத்திரிகையில் எழுதுவார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு நமக்கு வேண்டியது. விற்ற பொருள், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றதாக இல்லை என்று முறைப்பாடு செய்தால் சபை விசாரிக்கலாம். அந்த உத்தரவாதம் அட்டையில் எழுதிக் கொடுத்ததாகவும் இருக்கலாம், எழுதாமலே விளங்குவதாகவும் இருக்கலாம். முறைப்பாடு சரி என்று கண்டால் நட்டஈடு கொடு, வேறு பொருள் கொடு, அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று வியாபாரிக்குக் கட்டளையிடும் அதிகாரம் சபைக்கு உண்டு.

எழுதாமலே விளங்குவது என்றேனே, அது புதுச் சங்கதி அல்ல. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்திலேயே, 1896இல், பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. வியாபாரி ஒரு பொருளை விற்றால் அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. வாறண்டி அட்டை காணாமல் போனால் எல்லாமே போயிற்று என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

ஆனால் ஒரு கெடு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வாறண்டி ஒரு வருடம் என்று அட்டையில் இருக்கும். அதைப் பார்த்து முறைப்பாட்டுக்கும் ஒரு வருடம் என்று எண்ணிவிடக் கூடாது. "நாளைக்கு வாங்க, அடுத்த கிழமை வாங்க, சாமான் கொழும்பிலயிருந்து வரணும்" என்று இழுக்கிற ஒவ்வொரு நாளும் நமது கெடுவில்தான் குறைகிறது. மூன்று மாதம் தாண்டிய பிறகு பழுது வந்தாலும் பேசாமல் இருக்காமல், 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசயத்தைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அது சபையின் துரித இலக்கம். மாவட்டச் செயலகத்திலும், அதாவது கச்சேரியில், அவர்களுடைய உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்.

நம்ம அக்காவுக்கு மூன்று மாதம் முடிய இரண்டு கிழமைகூட இருக்கவில்லை. ஆகவே கம்பனிக்கு ஒரு கடிதமும் சபைக்கு ஒரு கடிதமும் ஒரே நாளில் எழுதினோம். பெரிய தமிழ் ஒன்றும் வேண்டாம். மகள் எழுதியது இவ்வளவுதான்:

"இந்தத் திகதியில் இந்தக் கடையில் 40,500 ரூபாவுக்கு இந்தப் போனை வாங்கினேன். இதன் ஐஎம்ஈஐ இலக்கம் இது. ஒரு வருட வாறண்டி தரப்பட்டது. இந்தத் திகதியில் இருந்து சார்ஜ் போடும்போது சூடாகி நின்றுவிடுகிறது. போன் தண்ணீரில் விழவில்லை, நனையவில்லை, வேறு எங்கும் திறக்கப்படவில்லை. நிறம் மாறிய ஒட்டுத்தாளைத் தவிர வேறு ஆதாரம் எனக்குக் காட்டப்படவில்லை. இலவசமாகத் திருத்தித் தரவும், முடியாவிட்டால் மாற்றித் தரவும் அல்லது பணத்தைத் திருப்பித் தரவும் கேட்கிறேன். பற்றுச்சீட்டு, வாறண்டி அட்டை, ஒப்படைத்தபோது தந்த துண்டு ஆகியவற்றின் பிரதிகள் இத்துடன் உள்ளன."

கோபமாக ஒரு வார்த்தை இல்லை, பார்த்தீர்களா? என்ன நடந்தது, என்ன வேண்டும். ரெண்டே விசயம். அக்காவின் வீட்டுக்காரர், "கள்ளப் பயலுக" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை. மூலப் பிரதிகளை யாருக்கும் அனுப்பாதீர்கள், போட்டோப் பிரதிதான். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் துண்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

சிங்களத்தில் எழுத வேண்டுமா என்று கேட்கிறார்கள். தேவையில்லை. தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் அந்த உரிமை இருக்கிறது. 1977க்கு அழைக்கும்போதும் தமிழில் பேச வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இனி நம்முடைய பெரிய வில்லங்கத்துக்கு வருகிறேன். விலாசம்! டவுனில் இருப்பவர்களுக்கு வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இருக்கிறது. நமக்கு லயத்தின் பெயரும் டிவிசனின் பெயரும்தான். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, கட்டோடு கிடந்து, யாராவது மேலே வரும்போது கைக்குக் கை மாறி வருகிறது. வேலைக் கடிதமும் பாடசாலைக் கடிதமும் இப்படிப் பிந்திப்போன கதை இங்கே எத்தனை வீட்டில் இருக்கிறது! விசாரணைக்கு வரச் சொல்லும் கடிதம் அப்படிக் கிடந்தால் நமது பக்கத்தில் பேச ஆள் இருக்காது. ஆகவே கடிதத்தில் லயத்து விலாசத்தோடு, கிடைக்கக்கூடிய இன்னொரு போன் இலக்கத்தையும் கட்டாயம் எழுதுங்கள். பழுதான போனின் இலக்கத்தை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள். கடிதம் போட்ட அன்றே கிளாக்கர் ஐயாவிடமும், "எனக்கு ஒரு அரசாங்கக் கடிதம் வரும், வந்தா பிரட்டுல சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அக்கா அப்படிச் சொல்லி வைத்ததால்தான் கடிதம் வந்த மறுநாளே கையில் கிடைத்தது.

விசாரணை என்றதும் கோடு கச்சேரி என்று பயப்பட்டார். அப்படி ஒன்றுமில்லை. ஒரு மேசை, இரண்டு பக்கமும் நாற்காலி. கம்பனியில் இருந்து ஒருவர் வந்திருந்தார். உத்தியோகத்தர் அவரிடம் கேட்டது நாம் மேசையில் கேட்ட அதே கேள்விதான்: தண்ணீர் போனதற்குப் பொட்டைத் தவிர வேறு என்ன காட்ட முடியும்? அவரிடம் இருந்தது அந்தப் பொட்டின் படம் மட்டும். சார்ஜ் செருகும் இடத்தில் துருவில்லை, பலகையில் பூஞ்சணம் இல்லை. அக்காவின் பையில் பற்றுச்சீட்டு, அட்டை, ஒப்படைத்த துண்டு, தபால் துண்டு, கொப்பி எல்லாம் ஒரு பொலித்தீன் உறையில் இருந்தன. கட்டளை வரைக்கும் போகவில்லை. போர்ட்டை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பனிக்காரர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். தொடக்கத்தில் இருந்து போன் கைக்கு வரும் வரை ஏழு கிழமை. டவுனுக்கு நாலு தரம் பஸ் காசு, மூன்று பேர் போயிற்று. அதற்கு யாரும் ஈடு தரவில்லை.

இன்னொரு நட்டமும் இருந்தது. திரும்பி வந்த போன் வெறுமையாக வந்தது. ஆசிரியர் அனுப்பிய குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்களின் படம், ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை சிநேகிதியின் போனில் இருந்து பாதியைத்தான் மீட்டெடுத்தாள். ஆகையால் போனைக் கையில் கொடுப்பதற்கு முன், அது கொஞ்சமாவது வேலை செய்யும்போதே, படங்களையும் இலக்கங்களையும் வேறு போனுக்கு மாற்றுங்கள். சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், குடும்பப் படங்களைப் போனில் விட்டுக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். யார் கையில் போகிறது என்று நமக்குத் தெரியாது.

ஒப்படைக்கும்போது தரும் துண்டில் போனின் நிலைமையையும் எழுதச் சொல்லுங்கள். கண்ணாடி உடையவில்லை, கீறல் இல்லை, ஐஎம்ஈஐ இலக்கம் இன்னது என்று. இல்லாவிட்டால், "நீங்க குடுக்கும்போதே வெடிச்சிருந்திச்சி" என்று பிறகு ஒரு கதை வரும். ஸ்டார், ஹேஷ், பூச்சியம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் அந்த பதினைந்து இலக்கமும் திரையில் வரும். வாங்கும் அன்றே அதைப் பற்றுச்சீட்டிலும் எழுத வையுங்கள்.

வாங்கும் நாளைப் பற்றி இரண்டு விசயம் மட்டும். கடைக்காரர் "ஒரு வருச வாறண்டி" என்றால், யாருடைய வாறண்டி என்று கேளுங்கள். இலங்கைக்கு அந்தப் போனைக் கொண்டுவரும் ஏஜன்ட் கம்பனி தருவது ஒன்று. கடைக்காரர் தானே தருவது இன்னொன்று. கடை வாறண்டி என்றால் கம்பனி நிலையத்தில் ஏற்க மாட்டார்கள். ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறது என்று அதை வாங்குபவர்கள் அதைத் தெரிந்தே வாங்க வேண்டும். வாங்கும் முன் ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்தப் பதினைந்து இலக்கத்தையும் அடித்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகி இருக்கிறதா என்று பதில் வரும். அடுத்தது பற்றுச்சீட்டு. கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. மெசினில் அடித்துத் தரும் வழவழப்பான தாள், அடுப்புச் சூட்டிலும் தகரக் கூரைச் சூட்டிலும் ஆறு மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். அன்றைக்கே இருபது ரூபா செலவழித்து ஒரு போட்டோப் பிரதி எடுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மலையில் மழைக்குள் படங்குக்குள்ளே செருகி வைத்து நனைந்த போன், பீலிக் கரையில் விழுந்த போன், கண்ணாடி வெடித்த போன், டவுன் மூலையில் தம்பி ஒருவர் திறந்து பார்த்த போன், இவற்றுக்கு வாறண்டி கேட்டு முறைப்பாடு எழுதித் தரச் சொல்லி நம்மிடம் வராதீர்கள். எழுதித் தர மாட்டோம். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு நியாயமாக வருகிற அடுத்த ஆளின் பேச்சும் எடுபடாது. "தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று விளம்பரம் பார்த்து வாங்கினால் மட்டும் அந்த விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். 2022இல் அவுஸ்திரேலியாவில், போனை நீச்சல் தடாகத்திலும் கடலிலும் பாவிப்பது போல விளம்பரம் போட்டதற்காக சம்சுங் கம்பனிக்கு நீதிமன்றம் 14 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போட்டால் செருகும் இடம் அரித்துப்போகும் என்பதுதான் அங்கே வெளிவந்த விசயம். வாறண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நனைந்த போனைக் காயாமல் சார்ஜில் போடாதீர்கள்.

(உரையின் பின் கேட்கப்பட்ட கேள்விகளில் இரண்டு.)

தவணைக்கு வாங்கின போன் பழுதாப்போனா, மிச்சத் தவணையக் கட்டாம விட்டுறலாமா?

விடாதீங்க. பல இடங்களில் பணம் தந்தது ஒரு கம்பனி, போனை விற்றது வேறு கடை. போன் பழுது என்பது பணம் தந்தவருக்குக் கணக்கில்லை. தவணை நின்றால் வட்டியும் தண்டமும் உங்கள் தலையில்தான் ஏறும். தவணையைக் கட்டிக்கொண்டே முறைப்பாட்டை நடத்துங்கள். கட்டிய துண்டுகளையும் அதே உறையில் போடுங்கள்.

சார்ஜருக்கும் ஒரு வருசமா?

அட்டையைப் பார்க்க வேண்டும். பல அட்டைகளில் போனுக்கு ஒரு காலமும் சார்ஜருக்கும் பட்டரிக்கும் அதைவிடக் குறைந்த காலமும் போட்டிருப்பார்கள். அட்டை ஆங்கிலத்தில் இருந்தால் அடுத்த சனிக்கிழமை பின்னேரம் எடுத்து வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம். எழுத வேண்டிய முறைப்பாடு இருப்பவர்கள் பற்றுச்சீட்டையும் கொண்டு வாருங்கள். போனைக் கொண்டுவரத் தேவையில்லை.